வீட்டு ஆம்ப்ளிஃபயர்

சாப்பாட்டு டப்பாவை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைக்காதே என்று அண்ணன் சொன்னான். மூடி அதிர்கிறது, அந்தக் கிர்ரென்ற சத்தம் பெட்டியிலிருந்து வருகிறதா டப்பாவிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் மத்தியானமே வீணாய்ப் போயிற்று என்றான். டப்பாவை எடுத்தேன். அதிலிருந்த ரொட்டியில் பாதியை அவனே பிய்த்துக்கொண்டான். தின்றுகொண்டே மேசை மேலிருந்த ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையை மாட்டினான். ஒரு திருகாணி குறைந்தது. குனிந்து தேடினான், கிடைக்கவில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று சட்டையில் விழுந்த ரொட்டித் தூளை உதறிக்கொண்டு கிளம்பினான். படியில் மேல்மாடிப் பல் டாக்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது.

அன்று மாலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவன் நிமிரவில்லை. இதயம் என்றார்கள்.

நானும் அவனும் சேர்ந்து நடத்திய கடை. கிட்டார்காரர்களின் வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்ப்போம், கேட்பவர்களுக்குப் புதிதாகச் செய்தும் கொடுப்போம். கண்ணாடிக் குழாய்க்குள் இழை சிவந்து எரியுமே, அந்த வகை. ரேடியோவும் டிவியும் அதை எப்போதோ விட்டுவிட்டன. கிட்டார்காரர்கள் விடுவதாக இல்லை. அதனால் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. கீழே சாவி செய்யும் கடை, மேலே பல் டாக்டர், நடுவில் நாங்கள். கீழே ராவுகிற சத்தம், மேலே குடைகிற சத்தம், இதற்கு நடுவில் எப்படித்தான் காதை வைத்துப் பிழைக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

சின்ன வயதில் பெட்டிகளுக்குப் பின்னால் புகுந்து ஒயரை இழுத்துக் கொடுப்பேன் என்பதால் அண்ணனுக்கு நான் எலி. கல்யாணம் என்ற பேச்சு வீட்டில் எழுந்து, ஓய்ந்து, நாற்பதைத் தாண்டிய பிறகும் எலிதான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் மூன்று குமிழ்கள்: பேஸ், மிடில், ட்ரெபிள். மற்ற இரண்டையும் யார் வேண்டுமானாலும் வைத்துவிடலாம். மிடில்தான் உயிரை வாங்கும். அண்ணன் அதைப் பல் டாக்டருக்கு இப்படி விளக்குவான்: ட்ரெபிள் பல்லுல கேக்கும், பேஸ் வயித்துல கேக்கும், மிடில் ஒண்ணுதான் டாக்டர் காதுல கேக்கும். அது குறைந்தால் கிட்டார் பளபளவென்று இருக்கும், ஆனால் உள்ளே ஆள் இருக்காது. கூடினால் சளி பிடித்தவன் பாடுவது போல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் உண்டு. அந்த இடம் வரும்போது வாசிக்கிறவனுக்குத் தெரியாது, அவன் கவனமெல்லாம் கையில் இருக்கும். எனக்குத் தெரியும். கடைக்கோடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பேன். என் முதுகுக்குப் பின்னால் அவன் ஒரு கையால் தந்தியைத் தட்டிக்கொண்டே மறு கையால் குமிழைத் திருப்புவான். சரியான இடம் வந்ததும் கையைத் தூக்குவேன். முடிந்தது வேலை. ஒரு வார்த்தை கிடையாது. அந்தச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது.

பேச்சே தேவைப்படாத உறவு என்று அதை நான் நினைத்து வைத்திருந்தேன். அண்ணன் தங்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், எங்களைப் போல் ஒன்றைப் பார்த்ததில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் உண்டு.

அண்ணி வந்தது அவனுடைய முப்பத்தெட்டாவது வயதில். இனி எங்கே என்று எல்லோரும் கைகழுவிய பிறகு. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி சரியில்லையாம், போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவனை அனுப்பியதே நான்தான். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம் என்று நாள் முழுக்க மைக்கில் சொல்லும் வேலை அவளுக்கு. போய்விட்டு வந்தவன் கருவிப் பையைக் கீழே வைக்காமலே, எலி, அந்தக் குரலுக்கு எந்தக் குமிழும் வேண்டாம், அப்படியே விட்டுடலாம் என்றான்.

"நீ மைக்கைப் பாக்கப் போனியா, மயங்கப் போனியா?"

சிரித்தான். மறுநாளும் மைக்கைப் பார்க்கப் போனான். அந்த மைக்குக்கு அந்த மாதம் முழுக்கச் சீக்கு.

கல்யாணத்துக்குப் பிறகு வெளிச்சம் மங்கினால் கடையில் அவன் கால் தரிக்காது. பாதியில் நிற்கும் வேலையை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவான். அண்ணியோடு எனக்குச் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. சண்டை வர வேண்டுமானால் பேச்சு வேண்டும். அவள் கொஞ்சமாகப் பேசுவாள், அதையும் மெதுவாகப் பேசுவாள். தொண்டையில் ஏதோ முடிச்சாம், வேலை நேரம் போக மற்ற நேரங்களில் குரலை உயர்த்தவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றான் அண்ணன். எனக்கு அது திமிராகத்தான் பட்டது. ஊருக்கே பேசுகிறவளுக்கு நாத்தனாரிடம் பேச மட்டும் முடிச்சு விழுந்துவிடுகிறதாக்கும். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது பார்ப்பேன். உள்ளேயிருந்து அவள் ஏதாவது சொன்னால் அண்ணன் எழுந்து போய், கதவருகே நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வருவான். என் பேச்சைக் கேட்க அவன் எழுந்து வந்ததாக எனக்கு நினைவில்லை. கடையின் அந்தக் கோடியிலிருந்து நான் கத்துவேன், இந்தக் கோடியிலிருந்து அவன் கத்துவான். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது. அவள் வரும்வரை போதுமாக இருந்தது.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஓய்ந்த பிறகு இடி கடைக்கு வந்தார். டிரம்ஸ் வாசிக்கிறவர். அவர் வீட்டிலேயே அவரை இடி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் அவருடைய குழுவில் விடுமுறை நாட்களில் கிட்டார் வாசித்து வந்தான். அண்ணன் நினைவாக ஒரு மாலை, வழக்கமாக வாசிக்கும் அரங்கத்திலேயே வாசிக்கப் போகிறோம் என்றார். அண்ணன் இடத்தில் பல் டாக்டர். அண்ணனிடம் கற்றுக்கொண்டவர்தான், பல் பிடுங்குவதை விட நன்றாகவே வாசிப்பார் என்று இடியே சொன்னார். அண்ணனுடைய கிட்டார், அண்ணனுடைய ஆம்ப்ளிஃபயர். கிட்டார் அண்ணியிடம் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் இதோ இருக்கிறது என்று மேசைப் பக்கம் கையைக் காட்டினேன். இத்தனை வருஷமும் மேடைக்குப் போய் வந்துகொண்டிருந்தது அதுதான்.

இடி கொஞ்சம் நெளிந்தார்.

"இல்லம்மா, அவங்க வீட்டுல இருக்கிறதை எடுத்துக்கச் சொல்றாங்க. தினமும் வாசிச்சது அதுலதானாமே."

"வீட்டுல எது இருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய ஒயர்களை எண்ணுவது போல் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்குத் தெரியாமல் அண்ணன் ஒரு ஃபியூஸ் கூட வாங்கியதில்லை என்று நான் நம்பியிருந்தேன். மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அது படுக்கையறையில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அந்த அறைக்குள் நான் அதற்கு முன் கால் வைத்ததில்லை. சாம்பல் நிறத் துணி போர்த்திய சிறிய பெட்டி. பின்பக்கம் குனிந்து பார்த்தேன். ஒயர்களை மெழுகு நூலால் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் இரட்டை முடிச்சுப் போடுவது அண்ணனின் பழக்கம். இதிலும் அதே முடிச்சு. ஈயம் வைத்த இடமெல்லாம் அதே மினுக்கம். நான் பக்கத்தில் இல்லாமல், நான் கை தூக்காமல், அவன் முழுசாக ஒன்றைச் செய்து முடித்திருக்கிறான்.

லீவு நாள்களில் உட்கார்ந்து செய்வார் என்று பின்னால் நின்று அண்ணி சொன்னாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றாள். அவள் வேண்டுமென்று சொன்னதாகத் தெரியவில்லை. வேண்டுமென்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டையும் அரங்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம், எது மேடைக்கு நிற்கிறதோ அது போகட்டும் என்றேன். தொழில்காரி போலத்தான் சொன்னேன். ஆனால் அண்ணன் கடைசியாக ஊர் முன்னால் ஒலிக்கப் போகிற ஒரு மாலை, அது கடையிலிருந்து ஒலிக்குமா அவள் படுக்கையறையிலிருந்து ஒலிக்குமா என்பதுதான் எனக்குக் கேள்வி. அண்ணி சரி என்று தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் கேள்வி என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

காலை நேரம். நாற்காலிகளை அடுக்கி ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். தரை அப்போதுதான் துடைத்த ஈரத்தில் இருந்தது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது கொஞ்சம் உரக்கப் பேசுகிறதோ அதுதான் நன்றாக இருப்பதாக மனிதக் காது நினைத்துக்கொள்ளும். அதனால் ஒப்பிடும் முன் மீட்டர் வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதில் நான் ஓரவஞ்சனை செய்யவில்லை. கொண்டுவந்தேன்.

பல் டாக்டர் முதலில் தனியாக வாசித்தார். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் முதல் தந்தியைத் தட்டியதுமே நான் மீட்டரை மறுபடி பார்த்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. கழுவி வெயிலில் காய வைத்த கண்ணாடிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவது போல. இடி கண்ணை மூடிக்கொண்டார். இதில் வாசித்தால் எனக்கே வாசிக்கத் தெரிகிற மாதிரி இருக்கிறதே என்றார் பல் டாக்டர். பிறகு கடை ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றினோம். அதற்குப் பக்கத்தில் இது மூக்கடைத்துக்கொண்டு நின்றது. இடி கண்ணைத் திறந்துவிட்டார். அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் ஏதோ இருந்தது. சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுப் பெட்டியின் மிடிலைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போமே என்று நானே எழுந்து போனேன். குமிழைப் பாதி வரை திருப்பினேன். கடைசி வரை திருப்பினேன். பெரிதாக எதுவும் மாறவில்லை. அப்போதுதான் எனக்குள் ஒரு குதூகலம் எழுந்தது. தப்புப் பண்ணியிருக்கிறான்.

இனி குழுவோடு வாசியுங்கள் என்றேன். இடி உட்கார்ந்தார், பேஸ் கிட்டார்காரரும் சேர்ந்துகொண்டார். நாலு அடிதான் அடித்திருப்பார்கள், வீட்டு ஆம்ப்ளிஃபயர் காணாமல் போயிற்று. பல் டாக்டரின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. தொட்டி மீன் வாயைத் திறந்து மூடுவது போல ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. கடை ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றியதும் கிட்டார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. தனியாகக் கேட்டபோது மூக்கடைப்பாக இருந்ததுதான் இப்போது அதன் முகமாக இருந்தது.

எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. வீட்டில் தனியாக உட்கார்ந்து மிடிலைக் குறைத்து, அடடா என்று தன்னிடமே சொக்கிப்போய், மேடையில் தொலைந்து நிற்காத கிட்டார்காரன் கிடையாது. அவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லி அனுப்புகிற அண்ணன் அதே குழியில் விழுந்திருக்கிறான். என் கை தூக்காத ஆம்ப்ளிஃபயர் பின்னே எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இடி குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, சந்தேகமே இல்லை, கடைதான் என்றார்.

கலைந்து போகும்போது அண்ணி என் பக்கத்தில் வந்தாள். அவள் பேசுவதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"இதை மேடைக்கு ஆகிற மாதிரி பண்ணித் தர முடியுமா? அவர் வீட்டுல வாசிச்சது வேற யாருக்குமே தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். அப்படியே போயிட வேண்டாம்னு பாக்கறேன்."

எனக்கு மட்டுந்தான் என்பதில் அவள் எந்த அழுத்தமும் கொடுக்கவில்லை. ஆனாலும் அது என் மேல் சுருக்கென்று பட்டது. முடியாமல் என்ன, சின்ன வேலை, கொண்டுவந்து வையுங்கள் என்றேன். ஜெயித்தவர்களுக்கு வரும் தாராளம் எனக்கும் வந்திருந்தது.

வால்வு ஆம்ப்ளிஃபயரை அணைத்த பிறகும் உள்ளே கண்டென்சர்களில் ஆளைத் தூக்கி எறியும் கரண்ட் தங்கியிருக்கும். அதை முதலில் இறக்கிவிட்டு, ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மறு கையால்தான் உள்ளே தொட வேண்டும். அப்படித்தான் தொட்டேன். குமிழ்கள் வரை எல்லாம் நாங்கள் வழக்கமாகப் போடும் சுற்றுதான். மிடிலைத் தாண்டியதும், எங்கள் படங்கள் எதிலும் இல்லாத ஒரு கம்பிச் சுருள். தையல் மிஷினின் நூல் பாபினில் மெல்லிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருந்தான். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறவில்லை. அவசரத்தில் செய்ததல்ல.

அலை அனுப்பும் கருவியை மாட்டி, அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு சுருதியாக அனுப்பிப் பார்த்தேன். அடி நன்றாக வந்தது. உச்சி நன்றாக வந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கத்தியால் வெட்டி எடுத்ததுபோல் ஒரு பள்ளம். மயங்கி மிடிலைக் குறைத்தவன் இப்படிக் குறைக்க மாட்டான். இது வேண்டுமென்றே அளந்து வெட்டியது. எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாமல் போனதில் எரிச்சல்தான் வந்தது. அந்தச் சுருளின் ஒரு முனையில் ஈயத்தை இளக்கி எடுத்துவிட்டால் போதும், பள்ளம் தூர்ந்துவிடும், அண்ணி கேட்டது கிடைத்துவிடும். ஈயத்தை இளக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக வைத்தேன்.

வெட்டும் முன் ஒரு முறை காதால் கேட்டுவிடுவது பழக்கம். எனக்கு வாசிக்க வராது. மாடிக்குப் போய்ப் பல் டாக்டரைக் கூப்பிட்டேன். நோயாளிக்கு ஊசி போட்டிருக்கிறேன், மரத்துப் போகிற வரைக்கும் வாசிக்கலாம் என்று கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார். மேடையில் வைக்கிற அளவுக்குச் சத்தத்தை ஏற்றினேன். அவர் வாசித்தார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். கண்ணாடி டப்பாவில் இருந்த திருகாணிகளெல்லாம் கலகலத்தன.

"கதவு தெறந்தே இருந்துச்சு. உள்ள வரலாமா?"

திரும்பிப் பார்த்தேன். கடையின் அந்தக் கோடியில், வாசலில், அண்ணி நின்றுகொண்டிருந்தாள். உதட்டைத் தவிர எதுவும் அசையாமல் பேசுகிற அதே பேச்சு. பல் டாக்டர் வாசிப்பை நிறுத்தவில்லை. வாசித்துக்கொண்டே, வாங்க என்று அவளுக்குத் தலையாட்டினார். அவருக்கும் கேட்டிருக்கிறது. அந்த அறையில், அந்தச் சத்தத்தில், இத்தனை வருஷத்தில் நான் யார் பேசியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்னொரு தடவை ஏதாவது சொல்லுங்கள் என்று கைச்சாடை காட்டினேன். என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். அதுவும் கேட்டது. ஒயரைப் பிடுங்கிக் கடை ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். பல் டாக்டர் வாசித்தார், அவள் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வீட்டுப் பெட்டியில் சொருகினேன். நான் அப்புறமா வரட்டுமா என்று அவள் கேட்பது ஒவ்வோர் எழுத்தாக வந்து சேர்ந்தது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒரு நாள் அண்ணன் ரேடியோவில் செய்தி வைத்துவிட்டு என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னான். செய்தி வாசிக்கிறவரின் குரலிலிருந்து ஒவ்வொரு துண்டாகச் சுருதியை வெட்டிக்கொண்டே வந்தான். குரல் கேட்கும், ஆனால் என்ன சொல்கிறார் என்று புரியாமல் போகிற இடம் வந்தால் கையைத் தூக்கு எலி என்றான். பேருந்து நிலைய வேலை ஏதோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன். தூக்கினேன். தேங்க்ஸ் என்றான். எனக்கு அவன் தேங்க்ஸ் சொல்கிற வழக்கமே கிடையாது.

நான் கை தூக்கிய இடத்தில்தான் அந்தப் பள்ளம் இருந்தது. கிட்டார் எவ்வளவு உரக்க ஒலித்தாலும், தொண்டையை உயர்த்தக் கூடாத ஒருத்தி உள்ளேயிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் அந்த வார்த்தை வந்து உட்கார ஓர் இடத்தைக் கிட்டாரிலிருந்து அவன் வெட்டி எடுத்து வைத்திருக்கிறான். என் காதை வைத்து அளந்து, அவளுக்காக.

பல் டாக்டர் மரத்துப்போன வாயைத் தேடி மாடிக்குப் போய்விட்டார். அண்ணி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டாள். சால்டரிங் அயர்ன் சூடேறி, நுனியில் புகை நூல் போல் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முனை. அதைத் தொட்டால் போதும். அவள் கேட்டதைத்தான் செய்திருப்பேன். நன்றி சொல்லியிருப்பாள். அரங்கம் முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணன் அவளுக்கென்று விட்டு வைத்த இடம் என்று ஒன்று இருந்தது யாருக்குமே தெரிந்திருக்காது. அது இருந்தது எனக்கு மட்டும் தெரியும். இனி அது இல்லை என்பதும் எனக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அந்த நினைப்பு எவ்வளவு இனித்தது என்று இப்போதும் நாக்கில் இருக்கிறது.

அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"உங்ககூட இருக்கும்போது கண்ண மூடிக்கிட்டு வாசிப்பாராமே. அப்ப பக்கத்துல குண்டு போட்டாலும் தெரியாதுன்னு டாக்டர் சொன்னார். நான் அப்படிப் பாத்ததே இல்லங்க. வீட்டுல நான் உள்ள இருந்து எது சொன்னாலும் வாசிச்சுக்கிட்டே பதில் சொல்லுவார். ஒரு நாளும் மனசு முழுசா வாசிப்புல இல்ல. என்னால அது கெட்டுப்போச்சோன்னு... கடையில இருக்கிறவர் வேற ஆளு, அவரு எனக்குக் கெடைக்கவே இல்லையோன்னு."

நான் சால்டரிங் அயர்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக நான் அவள் வீட்டுக் கதவருகே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்திருக்கிறேன். அவள் என் கடைக் கதவருகே நின்றிருக்கிறாள்.

அயர்னின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"இதை நான் தொட மாட்டேன் அண்ணி. இதுல கோளாறு ஒண்ணும் இல்ல."

பிறகு சொன்னேன். சுருளைக் காட்டினேன், பள்ளத்தைக் காட்டினேன். நன்றாகச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, நோட்டீஸ் வாசிப்பது போலச் சொன்னேன். அவர் பாதி மனசோட வாசிக்கலை அண்ணி, முழுசாத்தான் வாசிச்சார், உங்க குரல் உள்ள வர்றதுக்கு வழி பண்ணிட்டு வாசிச்சார் என்றேன். அவள் புரியாதவள் போல் அந்த நூல் பாபினையே பார்த்தாள். இது என்னோட மிஷின்ல இருந்தது, தொலைஞ்சு போச்சுன்னு தேடிக்கிட்டிருந்தேன் என்றாள்.

பிறகு, ஒரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டாள். எனக்கு வராது என்று அவளுக்கும் தெரியும். கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எதையும் அழுத்தாமல் வெறும் தந்திகளை மேலும் கீழுமாகத் தட்டினேன். சத்தத்தை ஏற்றினேன். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மேலே வாயைத் திறந்து படுத்திருந்தவருக்கும் கேட்டிருக்கும். அவள் எழுந்து வாசல் வரை போனாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படிக்கட்டைப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்.

"என்னங்க, சாப்பிட வாங்க."

கேட்டது. நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

செய்தி வாசிப்பதைக் கேட்டுக் கை தூக்கியது யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அது எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் நடந்தது.

நினைவு மாலைக்குக் கடை ஆம்ப்ளிஃபயர் போயிற்று. வீட்டுப் பெட்டியைப் பற்றி அண்ணி பிறகு பேச்செடுக்கவில்லை. அதை யாரும் கேட்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள், அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மிடிலை நான்தான் வைத்துக் கொடுத்தேன். பல் டாக்டர் இரண்டு இடத்தில் தடுமாறினாலும் நன்றாகவே வாசித்தார். கிட்டார் கடைசி வரிசை வரை போனது. இடி அழுதுகொண்டே அடித்தார், தாளம் பிசகவில்லை. முன் வரிசையில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கிடைக்காமல் போன ஆள் என்று அவள் நினைத்தவனை அன்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் என் காதில் அன்று முழுக்க அந்தச் சின்ன சாம்பல் பெட்டிதான் இருந்தது.

வால்வுகளைப் பார்ப்பதற்கென்று அவ்வப்போது அவள் வீட்டுக்குப் போகிறேன். பார்க்க ஒன்றும் இருக்காது. உட்காருங்கள் என்பாள், உட்காருவேன். அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் இன்னும் கேட்காமல் நுழைந்துவிட்டது போலத்தான் இருக்கிறது. அவளுக்கும் கடைக்கு வந்தால் அப்படி இருக்கிறதா என்று கேட்டதில்லை. வந்தால் கடைக்கோடிச் சுவரைத்தான் முதலில் பார்க்கிறாள்.

காலையில் நான் கடைக்குப் பேருந்தில்தான் வருகிறேன். நிலையத்தில் ஒலிபெருக்கிகள் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பயணிகள் கவனத்துக்கு என்று அவள் குரல் வரும்போது, எனக்கென்று சொல்வது போல நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன். கேட்காமலும் போகலாம். நான் ஏறும் பதினான்காம் எண் வண்டி எப்போதும் போல மூன்றாவது நடைமேடையிலிருந்துதான் கிளம்புகிறது.